திரைக்கு அப்பால் இருப்பவர் யார்?

(ஸ்பிரிங்வேலில் பெற்றோருக்கும் இளையோருக்குமாக நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். பொறியியல் படித்து, கணினித் துறையில் தொழில் புரிபவன். உளநலம் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நோயைப் பற்றித் தீர்ப்புக் கூற எனக்குத் தகுதி இல்லை. ஆயினும் மனம் சோர்ந்த ஒருவர் இன்று முதலில் நாடுவது பெரும்பாலும் வைத்தியரை அல்ல, கைத்தொலைபேசியைத்தான். வீட்டார் உறங்கிய பின் தேடுபொறியில் இரண்டு சொற்களை இடுகிறார். வந்து விழும் விடைகளில் எது நம்பத்தக்கது, எது வெறும் விளம்பரம், கொடுக்கும் தகவல் எங்கே போய்ச் சேருகிறது என்பவை என் தொழிலோடு தொடர்புடைய கேள்விகள். அந்த எல்லைக்குள் நின்றே பேச விரும்புகிறேன்.

இணையவழி உதவி நம்மவர்களுக்கு ஏன் இத்தனை பொருத்தமாக இருக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை. ஸ்பிரிங்வேல் வீதியில் மரக்கறி வாங்கப் போனாலே நான்கு தெரிந்த முகங்களைக் காண்கிறோம். உளவியலாளரின் வாசலில் ஒருவரைக் கண்டுவிட்டால், அவர் வீடு திரும்புமுன் செய்தி பரவிவிடும். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு 'அங்கொடை' என்ற ஒரு சொல் போதும். தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்குக் 'கீழ்ப்பாக்கம்' போதும். இரண்டும் ஊர்ப் பெயர்கள். அங்கே மனநல மருத்துவமனை இருப்பதனால் அந்தப் பெயர்களையே வசைச் சொற்களாக்கி வைத்திருக்கிறோம். 'விசர்' என்ற சொல்லுக்கு அஞ்சிப் பத்து ஆண்டுகள் மருத்துவம் பெறாமல் இருப்பவர்கள் நம்மிடையே உண்டு. அப்படிப்பட்டவர் தம் அறையிலிருந்தே, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வல்லுநருடன் பேச முடியும் என்றால் அது சிறிய காரியம் அல்ல.

திரை வழியே உளமருத்துவம் என்பது வெள்ளைக்காரரின் புதுமோகம் என்று எண்ணுவோரும் உள்ளனர். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய 'ஸ்கார்ப்' அமைப்பு, 2010இலேயே புதுக்கோட்டை மாவட்டத்தின் கிராமங்களுக்குப் பேருந்து ஒன்றை அனுப்பியது. பேருந்துக்குள் திரையின் முன் நோயாளி அமர்வார். மறுமுனையில் மருத்துவர் இருப்பார். மருந்தும் அந்தப் பேருந்திலேயே கிடைக்கும். இந்த நாட்டிலும் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம் மனச்சோர்வுக்கான 'மூட்ஜிம்' என்ற இணையவழிப் பயிற்சியை 2001 அளவிலேயே வெளியிட்டுவிட்டது. ஆகவே, இந்த வழி பலன் தருமா என்ற கேள்வி ஓரளவு பழையது. நமக்கு எஞ்சியிருக்கும் கேள்வி வேறு. திரைக்கு அப்பால் இருப்பவர் யார்?

அதற்கு முன் ஒன்று. மனநிலைக் கோளாறு என்பது ஒரே நோய் அன்று. நீண்ட நாட்கள் மனம் தாழ்ந்து, உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றிப் போவது மனச்சோர்வு. சிலருக்கு அந்தத் தாழ்வுக்கு இடையிடையே எதிரான நிலையும் வரும்: உறக்கமே தேவைப்படாத உற்சாகம், கட்டுக்கடங்காத செலவு, தொடர்பற்ற வேகமான பேச்சு. இதனை இருதுருவக் கோளாறு என்பர். இரண்டும் வெவ்வேறு மருத்துவத்தை வேண்டுபவை. மனச்சோர்வு என்று மட்டும் கருதிக் கொடுக்கப்படும் மருந்து, இருதுருவக் கோளாறு உள்ள சிலரை மிகை உற்சாகத்துக்குத் தள்ளிவிடக்கூடும். தைரொயிட் சுரப்பிக் குறைபாடும் மனச்சோர்வு போலவே தோற்றமளிக்கும். மரக்கறி உணவு மட்டும் உண்போரிடம் காணப்படும் பி12 உயிர்ச்சத்துக் குறைவும் அப்படியே. இவற்றை இரத்தப் பரிசோதனை காட்டும், திரை காட்டாது.

இருதுருவக் கோளாற்றுக்கு இன்றும் முதன்மையான மருந்துகளில் ஒன்றான லித்தியத்தின் பயனை உலகுக்குக் காட்டியது நமது மெல்பேர்ண் நகரம்தான். சாங்கிச் சிறைமுகாமில் போர்க்கைதியாக இருந்து மீண்ட மருத்துவர் ஜோன் கேட், பண்டூராவில் இருந்த மருத்துவமனையில் அதனை ஆராய்ந்து, 1949இல் வெளியிட்டார். அந்த மருந்தை உட்கொள்வோர் காலத்துக்குக் காலம் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே முதற்படி குடும்ப வைத்தியர். அவரைத் தாண்டிக்கொண்டு இணையத்துக்குள் குதிப்பது பணத்துக்கும் கேடு, உடலுக்கும் கேடு.

பணத்துக்குக் கேடு என்று ஏன் சொல்கிறேன்? 2006 நவம்பர் முதல் மெடிகேர் திட்டத்தின் கீழ், குடும்ப வைத்தியர் 'உளநலச் சிகிச்சைத் திட்டம்' ஒன்றை எழுதித் தந்தால், உளவியலாளரைச் சந்திக்கும் கட்டணத்தில் ஒரு பகுதி நமக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஓர் ஆண்டில் 10 சந்திப்புகள் வரை. முதலில் 6 வரை. பின்பு மீண்டும் வைத்தியரைக் கண்டு தொடரலாம். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் காணொளிச் சந்திப்புகள் பரவலாக அனுமதிக்கப்பட்டன. பின்னர் அவை நிலையாகிவிட்டன. திரும்பக் கிடைக்கும் தொகை பொது உளவியலாளருக்கு ஏறத்தாழ 100 வெள்ளி, மருத்துவ உளவியலாளருக்கு 140 வெள்ளிக்கு மேல். பலர் 200 வெள்ளிக்கு மேல் அறவிடுவதால் மிகுதியை நாம்தான் கட்ட வேண்டும். முன்பதிவு செய்யும்போதே, "என் கையிலிருந்து எவ்வளவு போகும்?" என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கடை வீதியில் பேரம் பேசும் நாம் இங்கே மட்டும் ஏன் மௌனமாகிறோம்?

இனி அந்த மையக் கேள்விக்கு வருகிறேன். இந்த நாட்டில் 'உளவியலாளர்' என்ற பெயரைச் சட்டம் காக்கிறது. பதிவு பெறாத எவரும் தம்மை அவ்வாறு அழைத்துக்கொள்ள முடியாது. ஆனால் 'உளவளத்துணையாளர்', 'உளச்சிகிச்சையாளர்' என்னும் பெயர்களுக்கு அத்தகைய காப்பு இல்லை. இந்தப் பெயர்களைக் கொண்டோருள் நன்கு கற்றுத் தேர்ந்தவர்கள் பலர் உண்டு. வார இறுதி வகுப்பு ஒன்றுக்குப் போய் வந்தவரும் அதே பெயர்ப் பலகையை மாட்டிக்கொள்ளலாம். பலகையைப் பார்த்து இருவரையும் பிரித்தறிய இயலாது. உளமருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று மருந்து எழுதும் உரிமை உடையவர். உளவியலாளர் பேச்சு வழியே சிகிச்சை அளிப்பவர், மருந்து எழுதமாட்டார்.

உளமருத்துவர், உளவியலாளர் ஆகிய இரு வகையினரின் பெயர்களும் 'ஆப்ரா' என்ற சுகாதாரத் தொழிலர் ஒழுங்குபடுத்தல் நிறுவனத்தின் பொதுப் பதிவேட்டில் உள்ளன. 2010 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு. எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பெயரை இட்டால் பதிவு நடைமுறையில் உள்ளதா, கட்டுப்பாடுகள் ஏதும் விதிக்கப்பட்டுள்ளனவா என்பவை தெரியும். இரண்டு நிமிட வேலை. பழைய கார் வாங்கும்போது பதிவெண்ணைச் சரிபார்க்கும் நாம், பிள்ளையின் மனத்தை ஒப்படைக்கும்போது இதைச் செய்வதில்லை. அவுஸ்திரேலிய உளவியல் சங்கத்தின் இணையத்தளத்தில் மொழி வாரியாக உளவியலாளரைத் தேடும் வசதியும் உண்டு. ஆள் சிட்னியில் இருந்தாலும் பேர்த்தில் இருந்தாலும் காணொளிக்குத் தடையில்லை. உண்மையில் தொலைவில் இருப்பவரே மேல் என்பது என் கருத்து. கோயில் திருவிழாவில் எதிர்ப்பட மாட்டார்.

தமிழ் பேசுபவர் கிடைக்காவிடில்? இங்கேதான் மூத்தவர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். "எனக்கு ஒரே யோசனை" என்று ஒரு யாழ்ப்பாணத்துத் தாய் சொல்கிறார். அதை 'சிந்திக்கிறார்' என்று ஆங்கிலத்தில் பெயர்த்தால், வைத்தியர் அதில் நோய் எதையும் காணமாட்டார். அந்த ஒரு சொல்லில் கவலையும் ஏக்கமும் உறக்கமின்மையும் ஒருங்கே உள்ளன. "நெஞ்சுக்குள் அடைக்கிறது" என்றால் இதயப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவர். ஆகவே, பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளர் வேண்டும். 131 450 என்ற எண்ணில் இயங்கும் அரச மொழிபெயர்ப்புச் சேவையைக் குடும்ப வைத்தியர் நமக்குக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதனை நாம் கேட்டுப் பெற வேண்டும். பெயர்ப்பவர் நமக்குத் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற அச்சம் இருந்தால், வேறு மாநிலத்தில் இருப்பவரைக் கேளுங்கள். உங்கள் பெயரை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று வைத்தியரிடம் கூறுங்கள். மகனையோ மகளையோ மட்டும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் துயரைத் தாயின் வாயால் கேட்டு அதை மொழிபெயர்க்கும் பதினாறு வயதுப் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

சென்னையிலோ கொழும்பிலோ உள்ள ஒருவரிடம் காணொளியில் பேசினால் மலிவல்லவா, தமிழிலும் பேசலாமே என்று பலர் கேட்கின்றனர். அங்கே திறமையானவர்கள் இருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் மெடிகேர் பணம் தராது. இங்கே செல்லுபடியாகும் மருந்துச்சீட்டை அவர் எழுத முடியாது. இங்குள்ள பதிவேட்டில் இல்லாத, வெளிநாட்டில் இருப்பவர்மேல் முறையிட்டு இங்கே தீர்வு காண்பது கடினம். எல்லாவற்றிற்கும் மேலாக, ஓர் இரவில் நிலைமை முற்றிவிட்டால் ஸ்பிரிங்வேலுக்கு அம்புலன்சு அனுப்ப அவரால் இயலாது. குடும்பக் கவலையைப் பகிர்ந்துகொள்ள அவர் போதும். நோய்க்கு இங்குள்ளவர் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் மனம்விட்டுப் பேசும் இளையோருக்கும் இதே கேள்வியைத்தான் வைக்கிறேன். அது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? தவறான அறிவுரை தந்தால் யார் பொறுப்பு?

அடுத்தது என் துறை சார்ந்தது. சற்று விரிவாகச் சொல்வதைப் பொறுத்தருள வேண்டும். உலகெங்கும் விளம்பரம் செய்யும் 'பெட்டர்ஹெல்ப்' என்ற இணையவழி ஆலோசனை நிறுவனம், தன்னை நாடியவர்களின் தகவல்களை விளம்பர நோக்கில் பேஸ்புக் முதலான நிறுவனங்களுடன் பகிர்ந்தது என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2023இல் 78 இலட்சம் டொலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. பின்லாந்தில் 'வஸ்தாமோ' என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் கணினிகளிலிருந்து 30,000க்கும் மேற்பட்டோரின் குறிப்புகள் களவாடப்பட்டன. 2020இல் களவாடியவன் நோயாளிகளுக்கே நேரடியாக எழுதி, பணம் தராவிடில் வெளியிடுவேன் என்று மிரட்டினான். 2024இல் அவனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தொலைவில் நடந்தவை என்று தள்ளிவிட வேண்டாம். 2022இல் இங்கே மெடிபாங்க் காப்புறுதி நிறுவனத்திலிருந்து 97 இலட்சம் பேரின் தகவல்கள் திருடப்பட்டு, உளநலச் சிகிச்சை பற்றிய விவரங்களும் வெளியிடப்பட்டன.

இவற்றைக் கேட்டு அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. எங்கே பதிவாகிறது, எவர் பார்ப்பர், சந்திப்பு ஒலி அல்லது ஒளிப்பதிவு செய்யப்படுகிறதா என்று முதற்சந்திப்பிலேயே கேளுங்கள். பதிவு பெற்ற உளவியலாளர் விடை சொல்லக் கடமைப்பட்டவர். பேஸ்புக் கணக்கின் வழியே உள்நுழையச் சொல்லும் தளத்தில், "உங்களுக்குத் தற்கொலை எண்ணம் உண்டா?" என்ற கேள்விக்கு விடை அளிக்காதீர்கள். அலுவலக மடிக்கணினியைப் பயன்படுத்தாதீர்கள். குடும்பத்தார் எல்லோரும் திறக்கும் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்காதீர்கள். மெடிகேர் பதிவுகளை வேலை கொடுப்பவர் பார்க்க முடியாது. ஆயுட்காப்புறுதிக்கு விண்ணப்பிக்கையில் உளநலம் பற்றிக் கேட்கப்படலாம் என்பது மட்டும் உண்மை.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை காணொளியில் பேசும் அந்த ஐம்பது நிமிடமும் அறைக்கு வெளியே இருங்கள். கதவருகிலும் நிற்க வேண்டாம். முடிந்தபின், "என்ன சொன்னாய், எங்களைப் பற்றி என்ன சொன்னாய்?" என்று விசாரிக்க வேண்டாம். நம் வீடுகள் சிறியவை, சுவர்கள் மெல்லியவை. வாகனத்துக்குள் அமர்ந்து பேசும் இளையோரை நான் அறிவேன். இளையோரே, 15 வயதானால் உங்களுக்கென மெடிகேர் அட்டையை நீங்களே பெறலாம். 12 முதல் 25 வயது வரையானோருக்கு 'ஹெட்ஸ்பேஸ்' இணையத்திலும் நேரிலும் உதவுகிறது. டண்டினோங்கிலும் நிலையம் உண்டு. 18 வயதைக் கடந்து ஆங்கிலத்தில் பேச முடிந்தவர்களுக்கு, மக்குவாரிப் பல்கலைக்கழகத்தில் 2012இல் தொடங்கிய 'மைண்ட்ஸ்பொட்' இணையச் சிகிச்சை நிலையம் கட்டணமின்றி இயங்குகிறது: 1800 61 44 34.

எல்லாத் துயரும் உளவியலாளரால் தீர்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014இல் ஜீலோங்கில் லியோ சீமான்பிள்ளையை இழந்தோம். 2024 ஆகஸ்டில் மெல்பேர்ணில் 23 வயதான மனோ யோகலிங்கத்தை இழந்தோம். சிறுவனாக இந்த நாட்டுக்கு வந்தவர். பத்தாண்டுக்கு மேலாகியும் நிரந்தர விசா இல்லை. இடைக்கால விசாவில் வாழ்பவரின் மனச்சோர்வுக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் மருந்தாகாது. அதற்கான போராட்டம் வேறு தளத்தில் தொடர வேண்டும். அதுவரை அவர்கள் தனித்துவிடப்படக் கூடாது. போரிலும் சித்திரவதையிலும் தப்பியவர்களுக்காக 1987இல் தொடங்கிய 'பவுண்டேசன் ஹவுஸ்' விக்டோரியாவில் கட்டணமின்றி உதவுகிறது; நியூ சவுத் வேல்சில் 'ஸ்டார்ட்ஸ்' அமைப்பு அதே பணியைச் செய்கிறது.

வைத்தியரின் கடிதம் இல்லாமலே அழைக்கக்கூடிய எண்கள்: எங்கே தொடங்குவது என்று தெரியாதோருக்கு மெடிகேர் உளநலச் சேவை 1800 595 212. இரவு பகல் எந்நேரமும் லைப்லைன் 13 11 14, பியொண்ட் புளூ 1300 22 4636. 25 வயது வரையானோருக்குக் கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800. உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 000.

பின்வரிசையில் உள்ள மேசையில் இரண்டு மடிக்கணினிகள் வைத்திருக்கிறோம். ஆப்ரா பதிவேட்டில் ஒரு பெயரைத் தேடிப் பார்க்க விரும்புவோர் வரலாம். யாருடைய பெயர், யாருக்காக என்று எவரும் கேட்கமாட்டோம்.