அயலானும் அன்பும்



காயமுற்று வழியிற் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கண்டு விலகிச் சென்றனர். அயல் இனத்தானாகிய சமாரியனோ காயங்கட்டி, சத்திரத்திற் சேர்த்து, செலவையும் ஏற்றான். இயேசு பெருமான் இவ்வுவமையால் உணர்த்திய இரக்கம் மனம் உருகுவதோடு நிற்பதன்று. பயணத்தை நிறுத்திக் கைகொடுப்பதாகும்.

வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி அத்தகையதே. அதிலிருந்து வளர்ந்த மருத்துவமனையை நாடி இன்றும் நம் வங்காள அண்டை வீட்டார் செல்கின்றனர். மொழியறியாத ஊரில் அவர்கள் தவிக்கலாமா? இரு மொழியும் அறிந்த நாம், வேண்டிய விவரங்களைத் தமிழில் எழுதிக் கொடுப்போம். அங்குள்ள நம் உறவினருக்கும் சொல்லியனுப்புவோம்.

அயலாராய் வந்த நம்மை ஏற்றுக்கொண்ட கொல்கத்தாவுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறும் அதுவே.