மூன்று மாதத்துக்கு ஒரு கடவுச்சொல்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லைக் கட்டாயமாக மாற்றச் சொல்லும் வழக்கத்தால் விளைவது பாதுகாப்பே என்று எதிரணியினர் வாதாடி அமர்ந்திருக்கும் நிலையில், அதனால் விளைவது தொல்லையே என்று நிறுவும் பொறுப்பு இவ்வணியினுடையது. ஆயினும், அலுவலகக் கணினியின் திரையில் கடவுச்சொல் இன்னும் 3 நாளில் காலாவதியாகும் என்ற அறிவிப்பைக் கண்டு பெருமூச்சு விடாதவர் ஒருவர்கூட இவ்வரங்கில் இருக்க வழியில்லை என்பதால், அப்பொறுப்பில் பாதியை நடுவர் அவர்கள் இப்போதே தள்ளுபடி செய்துவிடலாம்.

எதிரணியில் முதலில் பேசிய நண்பர் கடவுச்சொல்லைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஒப்பிட்டு, இரண்டையும் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது, இரண்டையும் அவ்வப்போது மாற்றியாக வேண்டும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். ஒப்புமையின் முதற்பாதியில் யாருக்கும் வழக்கில்லை. இரண்டாம் பாதியோ வாதத்தில் நிற்கவில்லை. ஏனெனில் பிரஷ்ஷின் நார் தேய்கிறது, வளைகிறது, உதிர்கிறது, ஆகவே அதை மாற்றுகிறார்கள். பதினைந்து எழுத்துள்ள ஒரு கடவுச்சொல்லையோ ஆயிரம் முறை தட்டினாலும் அதிலிருந்து ஓர் எழுத்துகூட உதிர்வதில்லை. அது கிடக்கட்டும், பழைய பிரஷ்ஷின் பிடியில் 1 என்றிருப்பதை அழித்து 2 என்று எழுதிவிட்டு, அதையே புதிய பிரஷ் என்று நம்பி வாயில் வைப்பவர் எவரேனும் உண்டா என்பதை நண்பர் சொல்லட்டும். கடவுச்சொல் விஷயத்தில் அலுவலகந்தோறும் நடப்பது அதுவேயன்றி வேறில்லை.

எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, எண் ஒன்று வேண்டும், சிறப்புக் குறி ஒன்று வேண்டும் என்று கணினி கேட்டதும், அலுவலர் ஒருவர் இஷ்ட தெய்வத்தை வேண்டிக்கொண்டு முருகன்@1 என்று வைக்கிறார். மூன்று மாதம் கழித்து அது முருகன்@2 ஆகிறது. ஆறுபடை வீடும் முடிந்து முருகன்@7 வரும்போது அலுவலருக்கு ஒரு சந்தேகம் பிறக்கிறது, பழையபடி ஒன்றுக்கே திரும்பினால் என்ன என்று. கணினி ஒப்புவதில்லை, முன்பு வைத்த கடவுச்சொற்களை அது நினைவில் வைத்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கணினிகளையெல்லாம் ஒரே கட்டுப்பாட்டில் இணைக்கும் விண்டோஸ் டொமைன் அமைப்பில், வேறு எதுவும் மாற்றாவிட்டால், இவ்வாறு நினைவில் நிற்பவை 24. கெட்டிக்கார ஊழியர்கள் இதற்கும் வழி கண்டார்கள்: ஒரே பிற்பகலில் அடுத்தடுத்து 24 முறை மாற்றிவிட்டு, 25-ஆவது முறை பழைய முருகனிடமே வந்து சேர்ந்தார்கள். இதைத் தடுப்பதற்காக, புதிதாக வைத்த கடவுச்சொல்லைக் குறைந்தது ஒரு நாளாவது மாற்றக் கூடாது என்று இன்னொரு விதி வந்தது. ஆக, அடிக்கடி மாற்று என்பது முதல் விதி, அடிக்கடி மாற்றாதே என்பது அதைக் காக்க வந்த விதி. ஒரு விதியைக் காப்பாற்ற அதற்கு நேர்மாறான விதி தேவைப்படுகிறது என்றால் கோளாறு ஊழியரிடம் இல்லை என்பதை உணர, கணினிப் பொறியியல் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.

கடைசியில் அந்த அலுவலர் தோற்றுப்போய், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவைக்கிறார். ஒரு பக்கம் முருகன் படம், மறுபக்கம் விடுமுறைப் பட்டியல், நடுவில் கடவுச்சொல். தேநீர் கொண்டுவரும் பையன் முதல் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் மனுதாரர் வரை எல்லோரும் தரிசிக்கலாம். இதைத்தான் எதிரணியினர் பாதுகாப்பு என்கிறார்கள்.

இவையெல்லாம் அரங்கைச் சிரிக்கவைக்கச் சொன்ன கதை என்று எதிரணி எழுந்து சொல்லக்கூடும் என்பதால், ஓர் ஆய்வையும் முன்வைக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியே தீரவேண்டியிருந்த பழைய மாணவர்கள், ஊழியர்கள் ஆகியோரின் கணக்குகளை யின்சியான் ஜாங், ஃபேபியன் மான்ரோஸ், மைக்கேல் ரெய்ட்டர் ஆகிய மூவர் ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். பழைய கடவுச்சொல் ஒன்று கையில் இருந்தால், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அக்கணக்குகளில் 41 விழுக்காட்டின் புதிய கடவுச்சொல்லைக் கணினியால் சராசரியாக மூன்றே விநாடிகளில் கண்டுபிடிக்க முடிந்தது. 17 விழுக்காட்டுக்கு ஐந்து ஊகங்களே போதுமாயிருந்தன. ஐந்து முறை தவறினால் கணக்கு பூட்டப்படும் என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் மார்தட்டினாரே, அந்த ஐந்துதான் இது.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் கேட்கத் தக்கது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1985-இல் வெளியிட்ட கடவுச்சொல் மேலாண்மை வழிகாட்டி ஒன்று, ஒரு கடவுச்சொல் ஊகிக்கப்படும் வாய்ப்பானது அது மாறாமல் இருக்கும் காலத்தையும், நிமிடத்துக்கு எத்தனை முறை ஊகித்துப் பார்க்க முடியும் என்பதையும், சாத்தியமான சேர்க்கைகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது என்று கணக்குப் போட்டு, ஒரு கடவுச்சொல்லின் ஆயுள் ஓராண்டைத் தாண்டக் கூடாது என்றது. தொலைபேசிக் கம்பி வழியே ஆமை வேகத்தில் கணினியோடு பேசிய காலத்துக்கு அந்தக் கணக்கு பொருத்தமானதே. ஆனால் இன்றைய திருடன் லாகின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருப்பதில்லை. நிறுவனத்தின் கடவுச்சொல் பட்டியலையே அள்ளிக்கொண்டு போகிறான். அப்பட்டியலில் கடவுச்சொற்கள் உள்ளபடியே இராமல், திரும்பப் பிரித்தெடுக்க முடியாத ஒரு கணிதக் கலவையாக, அதாவது ஹேஷ் என்ற வடிவில் இருக்கும். திருடன் தன் வீட்டில் அமர்ந்து ஊகங்களை ஒவ்வொன்றாக அதே கலவைக்கு உட்படுத்தி, எது பொருந்துகிறது என்று ஒப்பிடுகிறான். 2012-இல் ஜெரமி கோஸ்னி என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் 25 கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கோத்து அமைத்த கணினித் தொகுதி, விண்டோஸ் பயன்படுத்திய ஹேஷ் வகையில் விநாடிக்கு 35,000 கோடி ஊகங்களைச் செய்து, எட்டெழுத்துக் கடவுச்சொல்லின் சேர்க்கைகள் அத்தனையையும் ஐந்தரை மணி நேரத்தில் முடித்துவிடும் என்று காட்டினார். காலையில் பட்டியலை எடுத்தவன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைத் திறந்துவிடுகிறான். எதிரணியின் காவலாளியோ தொண்ணூறாம் நாள் வந்து பூட்டை மாற்றுவதாகச் சொல்கிறார்.

கசிந்துவிட்டால் மாற்றத்தானே வேண்டும் என்ற கேள்விக்கு, கசிந்த அன்றே மாற்றவேண்டும் என்பதே மறுமொழி. கசிந்தது தெரிந்தபின் தொண்ணூறாம் நாள் வரை காத்திருப்பது மடமை. கசியாதபோது மாற்றுவது வெட்டி வேலை. கசிந்த தகவல் தொகுப்புகளில் தம் மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று எவரும் தேடிப் பார்க்கும் வசதியை ஆஸ்திரேலியரான ட்ராய் ஹன்ட் 2013-லேயே ஏற்படுத்திவிட்டார் என்றிருக்க, ஆபத்து வந்ததா என்று கேட்காமல் தேதி வந்ததா என்று மட்டும் கேட்கிற ஏற்பாட்டுக்குக் காவல் என்ற பெயர் எவ்வாறு பொருந்தும்?

பயனில்லாத ஒன்று இத்தனை ஆண்டுகள் எப்படி நீடிக்கிறது என்ற ஐயம் நடுவர் அவர்களுக்கு எழுவது இயல்பு. ஆண்டுக்கொருமுறை ஆடிட்டுக்கு வருகிறவர் கையில் ஒரு படிவம் இருக்கிறது. கடவுச்சொல் குறித்த காலத்தில் மாற்றப்படுகிறதா என்ற கட்டத்தில் ஆம் என்று குறித்தால் சான்றிதழ் கிடைக்கிறது. திருட்டு நடந்தாலும் விதிப்படி எல்லாம் செய்தோம் என்று நிர்வாகம் கையை விரிக்க அந்தக் கட்டம் உதவுகிறது. ஆக, இந்த விதி இருப்பது கணக்கைக் காப்பதற்கு அன்று, கணக்குக் காட்டுவதற்கே. அதற்கான கூலியை நிர்வாகம் கொடுப்பதில்லை. நீண்ட விடுப்பு முடிந்து வந்த காலையில் கணினிக்குள் நுழைய முடியாமல், ஐ.டி. பிரிவின் தொலைபேசி எடுக்கப்படும்வரை காத்துக் கிடக்கிற ஊழியர்தான் கொடுக்கிறார். மறந்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று நாள்தோறும் பலர் அழைக்கும் அந்த எண்ணுக்கு, ஒரு நாள் திருடனும் அதே குரலில் அழைத்துப் பேசினால் வேறுபாடு காண்பது யாரால் முடியும் என்பதையும் எதிரணி எண்ணிப் பார்க்கவில்லை.

இந்தக் கேலிக்கூத்தின் முழு உருவத்தையும் ஆய்வுக் கட்டுரைகளைவிடத் தெளிவாகக் காட்டியது ஒரு விளையாட்டு என்பதை இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று. நீல் அகர்வால் என்பவர் 2023 ஜூன் மாதத்தில் வெளியிட்ட பாஸ்வேர்டு கேம் என்னும் அந்த உலாவி விளையாட்டில் துப்பாக்கி இல்லை, பந்தயக் கார் இல்லை. கடவுச்சொல் எழுதுவதற்கு ஒரு பெட்டி மட்டுமே இருக்கிறது. ஐந்து எழுத்தாவது இருக்கட்டும் என்று தொடங்கி, எண் வேண்டும், பெரிய எழுத்து வேண்டும், சிறப்புக் குறி வேண்டும் என்று கேட்கும்வரை ஆடுபவருக்கு அது விளையாட்டாகவே தோன்றாது, வங்கியின் பக்கம் போலத்தான் தோன்றும். பிறகு எண்களின் கூட்டுத்தொகை 25 ஆகவேண்டும் என்கிறது. ஒரு மாதத்தின் பெயர், ரோமன் எண், அன்றைய நிலவின் பிறைவடிவம், சதுரங்கத்தில் அடுத்த சிறந்த நகர்வு என்று கேட்டுக்கொண்டே போகிறது. நடுவில் ஒரு கோழி முட்டையைக் கொடுத்து, இதன் பெயர் பால் (Paul), இதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று கடவுச்சொல்லுக்குள்ளேயே வைக்கச் சொல்கிறது; சற்று நேரத்தில் கடவுச்சொல் தீப்பிடித்து, எழுத்துகளைத் தின்றுகொண்டே அந்த முட்டையை நெருங்குகிறது. தீயை அணைத்து முட்டையைக் காப்பாற்றினால், அது குஞ்சு பொரித்து, புழு வேண்டும் என்று நிற்கிறது. விளையாட்டு வடிவமைப்பில், ஆடுபவரை ஒவ்வொரு படியாகக் கடினத்துக்குப் பழக்குவது அடிப்படை உத்தி. முதல் நான்கு விதிகள் அன்றாட வாழ்விலிருந்து ஒரு மாற்றமும் இல்லாமல் எடுக்கப்பட்டவை என்பதால்தான் முட்டை வரும்போதும் ஆடுபவர் வியப்படைவதில்லை. கோழி வளர்க்கச் சொன்ன விளையாட்டுகூட, மூன்று மாதம் கழித்து வந்து வேறு கோழி வளர்க்கச் சொல்லவில்லை என்பது மட்டும் எதிரணியின் நினைவில் இருக்கட்டும்.

அறிஞர்கள் வகுத்த விதியைப் பாமரர் குறை சொல்வதா என்று எதிரணியினர் பொங்கினார்கள். அந்த அறிஞர்கள் இப்போது எந்த அணியில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நிஸ்ட் எனப்படும் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக 2003-இல் கடவுச்சொல் ஆலோசனைகளை எழுதிய பில் பர், அவற்றில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக 2017-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதழிடம் சொன்னார். அதே ஆண்டில் நிஸ்ட் தன் வழிகாட்டியைத் திருத்தி, கசிந்ததற்கான சான்று இருந்தாலன்றி மாற்றச் சொல்லக் கூடாது என்றது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை எடுத்துவிட்டது. 2025-இல் வந்த நிஸ்டின் புதிய பதிப்பு, முன்பு அறிவுரையாக இருந்ததைத் தடையாகவே இறுக்கிவிட்டது.

வங்கி அட்டைத் துறையின் பாதுகாப்புத் தரம் இன்னும் 90 நாள் என்றுதானே சொல்கிறது என்று எதிரணி கடைசிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கலாம். அந்தக் கயிறும் 2022-இல் வந்த பதிப்பில் இழை இழையாகப் பிரிந்துவிட்டது: கடவுச்சொல் ஒன்றை மட்டுமே நம்பும் இடத்தில்தான் 90 நாள் விதி, அங்கும் கணக்கின் நிலையை இடைவிடாது ஆராய்ந்து அனுமதி தரும் ஏற்பாடு இருந்தால் அதுவும் வேண்டியதில்லை என்று அப்பதிப்பே வழிவிட்டிருக்கிறது. ஓ.டி.பி. போன்ற இரண்டாம் சரிபார்ப்பும், நீண்ட கடவுச்சொற்களை மனிதருக்குப் பதிலாக நினைவில் வைத்துக்கொள்ளும் மேலாண்மைச் செயலியும் இருக்கும் இடத்தில் நாட்காட்டிக்கு வேலையில்லை.

எதிரணிக்கு மறுப்புரைக்கென இன்னும் ஐந்து நிமிடம் மீதமிருக்கிறது. முருகன்@7 என்பது முருகன்@8 ஆனதைக் கண்டு, கைக்கு எட்டிய கணக்கை விட்டுவிட்டுத் திரும்பிப் போன திருடன் ஒருவனையாவது அவர்கள் அதற்குள் மேடைக்கு அழைத்து வந்து நிறுத்தட்டும். அவனைக் குறுக்கு விசாரணை செய்ய இவ்வணி ஆவலோடு காத்திருக்கிறது.