ஒட்டுக்கடை வாதம்



1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இந்தக் கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி நட்டவர்களில் நம் பெரியவர்கள் பலர். அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளாகிய நீங்கள் இன்று பட்டமளிப்பு அங்கி அணிந்து என் முன்னே அமர்ந்திருக்கிறீர்கள். இதைவிட எனக்கு மகிழ்ச்சி தரக்கூடிய காட்சி வேறில்லை. வாழ்த்து சொல்ல இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

“பட்டதாரி ஆகிவிட்டாய், இனிமேல் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசாதே” என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கடைக்குப் போங்கள். தேத்தண்ணி வாங்கிக்கொண்டு உட்காருங்கள். கைத்தொலைபேசிக் கோபுரம் உடம்புக்குக் கெடுதலா, இயந்திரம் வெட்டிய கொழுந்து தரமானதா, அந்தக் காலக் குளிர் இப்போது ஏன் இல்லை என்று அங்கே நடக்கிற வாதங்களில் கலந்துகொள்ளுங்கள். அறிவியல் பிறந்த இடங்களில் அதுவும் ஒன்று. இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை.

நம் மலையில் எல்லா வீட்டிலும் நடந்திருக்கக்கூடிய ஒரு வாதத்தையே எடுத்துக்கொள்வோம். “இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது, அப்படியானால் சோறும் சீக்கிரம் வேக வேண்டுமே, ஏன் நேரமாகிறது?” கேட்டவர் கண்ணால் பார்த்த இரண்டு விஷயங்களும் சரிதான். இடையில் போட்ட ‘அப்படியானால்’தான் தவறு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் 100 பாகை வரை போகாமல் 95 பாகை அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வேகமாக ஆவியாகும். அரிசிக்குத் தேவை சூடு. கொதிக்கிற ஓசையால் அரிசி வேகாது.

நம்பாதவருக்குச் சூத்திரம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. கீழே தாப்பாவில் ஒரு சிப்ஸ் பொட்டலம் வாங்கிப் பிரிக்காமல் மலைமேல் பிரிஞ்சாங் வரை கொண்டுவரச் சொல்லுங்கள். மேலே வரும்போது அது உப்பியிருக்கும். உள்ளே இருக்கும் காற்று அதே காற்றுதான். வெளியிலிருந்து அழுத்துகிற காற்றுதான் குறைந்திருக்கிறது. பானையில் நடப்பதற்கும் பொட்டலத்தில் நடப்பதற்கும் காரணம் ஒன்றே என்று சொன்னால், அடுத்த நாள் அவரே இன்னொருவருக்கு விளக்கிச் சொல்வார். வாதம் தோற்று முடியவில்லை, ஒரு படி ஏறிவிட்டது.

தேத்தண்ணியிலேயே பிறந்த ஓர் அறிவியலும் உண்டு. லண்டனுக்கு வடக்கே ராத்தம்ஸ்டெட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிலையம். 1843 முதல் கோதுமை வயல்களில் உரச் சோதனை நடத்தி வரும் இடம் அது. அங்கே 1919இல் ரொனால்டு ஃபிஷர் என்ற கணிதவாணர் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு மாலை தேநீர் நேரத்தில் அவர் ஊற்றிக் கொடுத்த குவளையை முரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் ஆய்வாளர் வாங்க மறுத்தார். பாலை முதலில் ஊற்றிய தேநீர்தான் தமக்குப் பிடிக்கும், சுவையிலேயே வேறுபாடு தெரிந்துவிடும் என்றார். அதெப்படித் தெரியும் என்றார் ஃபிஷர். உலகத்தில் எந்த ஒட்டுக்கடையிலும் இந்த வாதம் இந்த இடத்தில் குரல் உயர்ந்து, பிறகு ஓய்ந்துபோயிருக்கும். பக்கத்தில் இருந்த வில்லியம் ரோச் என்பவர், சோதித்துப் பார்த்துவிடலாமே என்றார்.

இந்தச் சோதனையைப் பற்றி ஃபிஷர் 1935இல் தம் புத்தகத்தில் எழுதினார். எட்டுக் குவளைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசையைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். பால் முதலில் ஊற்றிய நான்கு எவை என்று அந்த அம்மையார் சொல்ல வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. நாக்கில் ஒன்றுமே தெரியாமல் குருட்டாம்போக்கில் சொன்னாலும் முழுவதும் சரியாக வர 70இல் ஒரு வாய்ப்புதான். ஆனால் நான்கில் மூன்றைச் சரியாகச் சொன்னால் போதும் என்று விட்டால், ஊகத்தாலேயே அந்த அளவோ அதற்கு மேலோ எட்ட 70இல் 17 வழிகள் இருக்கின்றன. ஏறக்குறைய நாலில் ஒன்று. ‘கிட்டத்தட்ட சரியாகச் சொல்லிவிட்டார்’ என்று கைதட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

அன்று பிரிஸ்டல் எத்தனை சரியாகச் சொன்னார் என்று ஃபிஷர் தம் புத்தகத்தில் எழுதவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்த மௌனம். யார் ஜெயித்தார் என்பது அவருக்கு முக்கியமாகப் படவில்லை. முதல் குவளையை ஊற்றுவதற்கு முன்பே, என்ன நடந்தால் அந்த அம்மையார் சொல்வதை ஏற்றுக்கொள்வோம் என்று முடிவு செய்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். இன்று உங்களிடம் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். எந்த வாதத்திலும், “என்ன காட்டினால் நான் மனத்தை மாற்றிக்கொள்வேன்?” என்று முதலில் உங்களையே கேளுங்கள். பிறகு எதிரே இருப்பவரைக் கேளுங்கள். இதற்குப் பதில் இல்லாத கருத்து எவ்வளவு உறுதியாக ஒலித்தாலும் அதை வைத்துக்கொண்டு ஊருக்கு வழி சொல்லக் கூடாது.

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். கையால் எடுத்த கொழுந்துதான் தேயிலை, கத்தரியும் இயந்திரமும் முற்றலையும் காம்பையும் சேர்த்து வாரிவிடும் என்பது நம் பாட்டிமார் கருத்து. ஆள் கிடைக்காத காலத்தில் இருவர் இருபுறம் பிடித்துச் செலுத்தும் இயந்திரம் இல்லாமல் தோட்டமே நடக்காது, குவளையில் வேறுபாடு யாருக்கும் தெரியாது என்பது வேலையை மேற்பார்க்கும் இளைய தண்டல்களின் கருத்து. இரண்டு பேரும் உணர்ந்துதான் பேசுகிறார்கள். எப்படித் தீர்ப்பீர்கள்? சரிவின் அடியில் கையால் எடுத்து, மேட்டில் இயந்திரம் ஓட்டி ஒப்பிட்டால் பயனில்லை. ஏன் என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள். கீழ் நிரைகளில் மண் ஆழம், ஈரம் தங்கும், கொழுந்து தளதளவென்று வரும். மேட்டில் மண் அரித்துப்போய்ச் செடி குட்டையாக நிற்கும். கிழக்கு பார்த்த சரிவுக்குக் காலை வெயில், மறுபுறத்துக்கு நெடுநேரம் பனிமூட்டம். நிரை நிரையாக நடந்து காலால் அறிந்த அறிவு இது.

ராத்தம்ஸ்டெட் வயல்களிலும் இதே சிக்கல்தான். ஒரே வயலில் இங்கே ஒரு மண், அங்கே ஒரு மண். எந்த உரம் நல்லது என்று எப்படிச் சொல்வது? வயலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எல்லா உரமும் தனித்தனிப் பாத்திகளில் இடம்பெறும்படி செய்து, எது எங்கே என்பதைக் குலுக்கலுக்கு விட்டார் ஃபிஷர். அதன்படி நம் சரிவையும் உயரவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் பாதி நிரைகளில் கை, பாதியில் இயந்திரம் என்று குலுக்கிப் போட்டு, கொழுந்தைத் தனித்தனியாக வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, உலர்த்தி, எண் மட்டும் எழுதிய குவளைகளில் சுவைப்பவர் முன் வைக்க வேண்டும். இந்தச் சோதனையைக் கணக்கு தெரிந்தவரால் மட்டும் வடிவமைக்க முடியாது. எந்த நிரை எப்படிப்பட்டது என்று சொல்லப் பாட்டி வேண்டும். பட்டம் வாங்கியவர் ஒரு பக்கம், கூடை சுமந்தவர் ஒரு பக்கம் என்று நின்றால் உண்மை இரண்டு பேருக்கும் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. தரத்தில் வேறுபாடு இல்லை என்றே தெரியவந்தாலும், இயந்திரம் வந்தால் யாருக்கு வேலை போகும், கூலி எப்படி மாறும் என்ற கேள்வி அப்படியே நிற்கும். குவளை அதற்குப் பதில் சொல்லாது. ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை இன்னொரு கேள்வியின் வாயை அடைக்கப் பயன்படுத்துவதைக் கண்டால், அங்கேயே எழுந்து நின்று கேளுங்கள்.

படித்தவர்கள் தவறு செய்ய மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இதே ஃபிஷரைப் பற்றித்தான் சொல்கிறேன். 1950இல் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். ஃபிஷர் பிற்காலத்தில் அதை ஏற்க மறுத்து எழுதினார். புகைக்கத் தூண்டும் மரபுக்கூறே புற்றுநோயையும் தரலாமே என்றார். அவர் குழாயில் புகைப்பவர், புகையிலை நிறுவனங்களின் ஊதியம் பெற்ற ஆலோசகராகவும் இருந்தார். அந்தத் தர்க்கத்தில் பிழை கண்டுபிடிப்பது கடினம், அப்படி ஒரு மரபுக்கூறு இருப்பது சாத்தியம்தான். ஆனால் சான்று மேல் சான்று குவிந்தபோதும் அவர் நகரவில்லை. குவளைகளை வைத்து உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த கேள்வியைத் தம் கருத்திடம் கேட்க அவரால் முடியாமல்போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எல்லா வாதத்துக்கும் முடிவு கிடைக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டை உலகமெங்கும் கொண்டுசென்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், இங்கே மூன்லைட் பங்களாவில் தங்கியிருந்தபோது பிற்பகலில் வெளியே நடந்தார், திரும்பவே இல்லை. காவல்துறை, இராணுவம், காடு அறிந்த ஓராங் அஸ்லி மக்கள் என நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். குறிசொல்கிறவர்களும் வந்தார்கள். பீட்டர் ஹர்கோஸ் என்பவர் தாம்சனைக் கம்போடியாவுக்குக் கடத்திவிட்டார்கள் என்று உறுதியாகச் சொன்னார். புலி, பள்ளம், உளவாளிகள், லாரி விபத்து என்று ஊரில் ஆளுக்கொரு கதை. போரின்போது அவர் உளவுத்துறையில் இருந்தவர் என்பதால் கதைகளுக்குப் பஞ்சமில்லை. இன்றுவரை சந்தேகத்துக்கு இடமில்லாத தடயம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு கதையை மறுக்க முடியவில்லை என்பது அந்தக் கதைக்குச் சான்று ஆகாது. இப்படிப்பட்ட இடத்தில், திறந்தபடியே விட்டுவைக்கிற பொறுமை வேண்டும். அது பட்டத்தைவிடக் கடினமான தேர்ச்சி.

ஆனால் அப்படித் திறந்தபடியே விட்டுவைக்க முடியாத வழக்குகளும் இந்த மலையில் உண்டு. 2013 அக்டோபர் 23 அதிகாலையை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கனமழைக்குப் பிறகு ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் போயின, உயிர்கள் போயின. அதற்குப் பிறகு எத்தனை வாதம்! அணையால்தான் என்றார் ஒருவர், மழையால்தான் என்றார் ஒருவர், காய்கறித் தோட்டத்துக்காகக் காட்டை அழித்தவர்களால்தான் என்றார் இன்னொருவர். ஒன்று சரியென்றால் மற்றவை தவறு என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் அப்படி வரவில்லை. சரிவில் மரம் போனது, மண் இறங்கியது, இறங்கிய மண் நீர்த்தேக்கத்தில் படிந்தது, படிந்த அளவுக்குத் தேக்கத்தின் கொள்ளளவு குறைந்தது, மழை வந்தபோது அணையைக் காக்கத் திறக்க வேண்டியதாயிற்று, கீழே ஆற்றோரம் நெருக்கப்பட்டிருந்தது, அங்கே மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இதில் எந்தக் கண்ணியும் தனியாக நிற்கவில்லை. மூன்று பேர் சொன்னதும் உண்மையின் ஒரு துண்டுதான். தன் துண்டை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவரைக் குற்றவாளி ஆக்கியபோது, அடுத்த மழைக்கு என்ன செய்வது என்ற கேள்வி தள்ளிப்போனது. “இன்னும் முழு ஆதாரம் வரட்டும்” என்று சொல்லியே காலம் கடத்துவதும் இப்படித்தான். அது எச்சரிக்கை மாதிரி தெரியும், உண்மையில் தப்பித்தல்.

இன்று வாதங்கள் ஒட்டுக்கடையிலிருந்து புலனக் குழுவுக்குப் போய்விட்டன. அங்கே முகம் தெரியாது, பொட்டலம் உப்பியதைக் காட்ட முடியாது, அனுப்பியவருக்கும் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் எந்தப் பக்கத்துக்கும் அழகான தமிழில் வாதம் எழுதித் தரும். சரளம் சான்று ஆகாது. அது தரும் விடையிடமும் அதே கேள்வியை வையுங்கள்: இது தவறாக இருந்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்?

ஒரு வேண்டுகோள். வாதத்தில் பெரியவர்களை மடக்காதீர்கள். “ஐயா, நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று கேளுங்கள். பாதி நேரம் அவர்கள் சொல்லும் காரணம் தவறாக இருக்கும், பார்த்தது சரியாக இருக்கும். பார்த்ததை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெர்த்தாம் பள்ளத்தாக்கில் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள். மேலே அணை இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர், நவம்பரில் மழை வருகிறது. தானா ராத்தா வானிலை நிலையத்தின் மழைக் கணக்கும், அணையின் நீர்மட்டமும், மதகு திறந்த நேரங்களும் ஊர்மக்கள் கேட்டுப் பெற வேண்டிய தகவல்கள். வரைபடம் வாசிக்கத் தெரிந்த நீங்கள், ஆற்றின் ஓசையைக் கேட்டே மட்டம் சொல்லக்கூடிய பெரியவர்களோடு உட்கார்ந்து, எந்த மட்டத்தில் யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், யார் எந்த வழியாக மேடேற வேண்டும் என்று மழைக்கு முன்பே எழுதி முடியுங்கள். அந்தக் கூட்டத்தை ஒட்டுக்கடையிலேயே வையுங்கள், எல்லோரும் வருவார்கள். என்னையும் கூப்பிடுங்கள், வருகிறேன்.