முள்ளுக்குள் ஒரு வீடு

ரோஜா என்றதும் அடுக்கடுக்காய் இதழ் வைத்த பூதான் நம் கண்ணில் வரும். காட்டு ரோஜாவுக்குப் பெரும்பாலும் ஐந்தே இதழ். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நூட்கா ரோஜா என்று ஒன்று உண்டு. சிதைந்துபோன ஆற்றங்கரைகளை மீட்க அதை நடுகிறார்கள்.

அதன் தண்டு மண்ணுக்கடியில் பரவிப் புதுத் தளிர் விடும். கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். முட்புதருக்குள் சிறு பறவைகள் பயமில்லாமல் ஒதுங்கும். சிவந்த பழங்கள் பனிக்காலத்திலும் உதிராமல் நிற்கும். மற்ற தீனி தீர்ந்த நேரத்தில் அவைதான் பறவைகளுக்கு ஆகாரம். இலைவெட்டித் தேனீ இலை ஓரத்தைக் கத்தரியால் வெட்டியதுபோல் வட்டமாக நறுக்கிப் போய்த் தன் கூட்டுக்குள் விரிக்கும். அந்த ஓட்டை இலையைப் பார்த்துப் பூச்சிமருந்து அடித்துவிடக் கூடாது!

விதை லேசில் முளைக்காது. பழத்தைப் பிசைந்து, சதையைக் கழுவி, ஈரமணலில் கலந்து, முதலில் வெதுவெதுப்பிலும் பிறகு மாதக்கணக்கில் குளிரிலும் வைக்க வேண்டும். குச்சி வெட்டி நட்டும் வளர்க்கலாம். ஆனால் விதைக் கன்றுகளில்தான் மரபு வேற்றுமை அதிகம்; எனக்கு அதுவே மேலாகப் படுகிறது.

கரையை மீட்க ஏதோ ஒரு ரோஜா போதும் என்று நினைத்தால் ஆபத்து. 1930-களில் மண்ணரிப்பைத் தடுக்க, ஆசியாவின் மல்டிஃபுளோரா ரோஜாவை அமெரிக்க அரசே பரப்பியது. அது மேய்ச்சல் நிலங்களை மூடிக்கொண்டது. பல மாநிலங்களில் இன்று அது சட்டப்படியே களை. ஆகவே நடப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள நூட்கா ரோஜாப் புதரிலிருந்தே பழம் பறிக்க வேண்டும். பறிக்கும்போதும் பெரும்பகுதியைப் பறவைகளுக்கு விட்டுவிட வேண்டும்.