இடப்பாகத்தின் உரிமை



திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் கூடியிருக்கும் இச்சபையில் அர்த்தநாரீசுவர தத்துவத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசக் கிடைத்ததைப் பெரும் பாக்கியமாகக் கருதுகிறேன். குஷாணர் காலத்து வடமதுரைச் சிற்பிகளும், எலிபெண்டாக் குகையைக் குடைந்தவர்களும், நம் சோழநாட்டு ஸ்தபதிகளும் வடித்த, சிவனும் சக்தியும் ஓருடலில் பாதிப்பாதியாய் இணைந்த அந்த வடிவம், பிற தலங்களில் பெரும்பாலும் கோஷ்டத்தில் நிற்க, இம்மலைக் கோயிலிலோ கருவறை மூர்த்தியாகவே வலப்பாகத்தில் வேஷ்டியும் இடப்பாகத்தில் சேலையும் தரித்து எழுந்தருளியிருக்கிறது. திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூர் என்று பாடியதும், முத்துஸ்வாமி தீக்ஷிதர் குமுதக்ரியா ராகத்தில் துதித்ததும் இந்தச் சந்நிதியையே.

பிருங்கி முனிவரின் கதையை நீங்கள் அறிவீர்கள். சிவபெருமானையன்றி வேறெவரையும் வணங்கேன் என்ற சங்கற்பத்தால், அம்மையப்பர் அருகருகே வீற்றிருந்தபோதும், வண்டுருக் கொண்டு அப்பனை மட்டும் வலம்வந்த அந்த முனிவரின் தேகத்திலிருந்து, அன்னை தன் அம்சமாகிய உதிரத்தையும் தசையையும் நீக்கிவிட, எலும்புக்கூடாய் நிற்கவும் மாட்டாமல் தள்ளாடிய அவருக்கு இறைவன் மூன்றாவது கால் ஒன்றை அளித்தான். பக்தனைக் காத்த பெருமானே பின்னர், கேதார கௌரி விரதம் நோற்ற தேவிக்குத் தன் திருமேனியில் சரிபாதியைத் தந்தான் என்பது ஐதிகம்.

இக்கதையில் தண்டனை பெற்றவர் நாஸ்திகர் அல்லர், மகா பக்தர். சக்தியை விலக்கிய பக்தி எத்துணை தீவிரமானதாயினும் ஊன்றி நிற்க வலிமையற்றது என்பதையும், பாதியை இறைவன் தானமாக அன்றி உரிமையாகவே அளித்தான் என்பதையும் நம் முன்னோர் இதைவிடத் தெளிவாக எவ்வாறு உரைத்திருக்க முடியும்?

அன்பர்களே, இந்த உண்மையைக் கோயிலில் கற்பூரம் காட்டி ஒப்புக்கொள்ளும் நாம், வீட்டில் ஒப்புக்கொண்டோமா? பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையை மகளுக்கு வழங்கத் தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டிலும், தேசம் முழுமைக்கும் 2005-ஆம் ஆண்டிலும் சட்டம் திருத்தப்பட வேண்டியிருந்தது. சட்டம் வந்த பின்பும், சீர்வரிசை செய்தாயிற்றே என்று சொல்லி, பிறந்த வீட்டின் பாசத்தை இழக்க அஞ்சும் பெண்ணிடம், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் குடும்பங்கள் எத்தனை! அப்பனை வலம்வந்து அன்னையை விலக்கிய பிருங்கியின் பிழையன்றோ அது?

ஆகவே, இச்சபையிலுள்ள ஒவ்வொரு தந்தையையும் தமையனையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: உங்கள் இல்லத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் நாள் வருமாயின், எவரும் கேட்பதற்கு முன்பே, மகளின் பெயரையும் சகோதரியின் பெயரையும் அதில் சரிபாகத்துக்கு எழுதுங்கள். அதுவே அர்த்தநாரீசுவரருக்கு நாம் செய்யக்கூடிய உத்தமமான அர்ச்சனை.