ஆலந்தூரின் பாதாளச் சாக்கடை

நகரசபை என்றதும் வரி நோட்டீசும் உடைந்த குழாயும் நம் நினைவுக்கு வருவது சகஜமே. ஆயினும் சென்னை விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஆலந்தூரின் நகரசபை, 1996-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் பாதாளச் சாக்கடை அமைக்க எடுத்துக்கொண்ட பிரயத்தனம் சற்று விசேஷமானது. வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி, அது நிரம்பினால் லாரி, மழை பெய்தாலோ வீதியெங்கும் துர்நாற்றம் என்றிருந்த அவ்வூரில், தலைவர் ஆர்.எஸ்.பாரதியும் அங்கத்தினர்களும் குடியிருப்போர் சங்கங்களோடு கலந்து பேசி, ஒரு குழாய்கூடப் பதிக்கப்படுவதற்கு முன்பே வீடு ஒன்றுக்கு 5,000 ரூபாயும், வியாபார ஸ்தலங்களுக்கு 10,000 ரூபாயும் முன்பணமாகக் கேட்டார்கள். வரியையே தாமதமாகச் செலுத்தும் ஜனங்களிடம் இப்படிக் கேட்பதற்கே ஓர் அசாத்திய துணிச்சல் வேண்டும். ஜனங்கள் கொடுத்தார்கள்!

எஞ்சிய தொகைக்குக் கடனும் மானியமும் கிடைத்தன. 2000-ஆம் ஆண்டளவில் வேலை தொடங்கியது. பெருங்குடியில் எழுந்த சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தம் சொந்த மூலதனத்தில் கட்டி, ஒப்பந்த காலம்வரை நடத்தி, பின்னர் நகரசபையிடம் ஒப்படைப்பது என்று ஏற்பாடாயிற்று. நடப்புச் செலவுக்கு மாதாந்தரக் கட்டணம். திறப்பு விழாவோடு பராமரிப்பை மறந்துவிடும் திட்டங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, இந்தக் கட்டணமே எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமான அம்சமாகப் படுகிறது. 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு ஐக்கியமாயிற்று.