வங்கியின் பெயரில் வரும் மடல்

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து களவாடப்பட்ட திரவியத்தில் 2 கோடி டொலர் நமது கொழும்பை நோக்கி அனுப்பப்பட்டதும், பெறும் ஸ்தாபனத்தின் பெயரில் 'பவுண்டேஷன்' என்பது 'பண்டேஷன்' எனப் பிழைபட்டிருந்ததைக் கண்டு வங்கியாளர் சந்தேகங்கொள்ள, அத்தொகை தடுக்கப்பட்டதும் உலகறிந்த சம்பவம். அம்மாபெரும் மோசடிக்கு வழி திறந்தவை, வேலை கோரும் விண்ணப்பம் என்ற பாவனையில் அவ்வங்கி ஊழியருக்கு வந்த மின்னஞ்சல்களே.

ஜிந்துப்பிட்டியிலும் செட்டியார் தெருவிலும் வியாபாரம் செய்வோருக்கு, "உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும், உடனே இவ்விணைப்பை அழுத்துக" என்று வங்கியின் இலச்சினையோடு வரும் மடலும் அதே வம்சத்தைச் சேர்ந்ததுதான். எழுத்துப் பிழையை மட்டும் தேடிப் பயனில்லை. பிழையற எழுதித்தர இன்று கணினியே இருக்கிறது. அனுப்பியவரின் பெயரை விடுத்து முகவரியை நோக்குங்கள்: முன்பகுதியில் வங்கியின் நாமம் எத்தனை முறை வந்தாலும், இறுதியில் நிற்பது அந்நியப் பெயராயின் அது வங்கியுடையதன்று. கடவுச்சொல்லையோ, கைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையோ மின்னஞ்சலில் கேட்பது வங்கியின் வழக்கமன்று. ஐயமெனில், மடலிலுள்ள இலக்கத்தை விட்டு, உங்கள் அட்டையின் பின்புறத்தில் அச்சிட்ட இலக்கத்துக்கே அழைப்பெடுத்து விசாரியுங்கள்.